“அட்டாக்காம்” என்று சொல்லிவிட்டு எழும்பிப் போகாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரம் இல்லாவிட்டால் இஷாவுக்குப் பிறகு வாசியுங்கள். ஆனால் வாசியுங்கள்.

போன கிழமை பக்கத்து ஊரில் ஒரு ஜனாஸாவுக்குப் போயிருந்தேன். வயது 34. இரண்டு சின்னப் பிள்ளைகள். மண் போட்டு முடிந்து, துஆவும் ஓதி, மையவாடி வாசலில் கை கழுவிக்கொண்டு நிற்கும்போது நாலைந்து பேர் பேசிக்கொண்டார்கள்.

“என்னவாம் காக்கா?”

“அட்டாக்காம்.”

“பாவம், சின்ன வயசு.”

“அவர்ர வாப்பாவும் இப்படித்தானே திடீரெண்டு போனாரு.”

“ம்... அல்லாஹ்ட நாட்டம்.”

அவ்வளவுதான். எல்லோரும் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு போய்விட்டோம். நானும்தான்.

அந்தக் குடும்பத்தைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. அந்தச் சகோதரருக்கு என்ன நடந்தது என்று சொல்ல நான் டொக்டரும் இல்லை. அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்குவானாக. ஆனால் “அவர்ர வாப்பாவும் இப்படித்தானே போனாரு” என்ற அந்த ஒரு வசனம் ஒரு கிழமையாக என்னைத் தூங்க விடவில்லை. ஏனென்றால் என்னுடைய வாப்பாவும் இப்படித்தான் போனார். அந்த வசனத்தை ஒரு டொக்டர் கேட்டபடியால்தான் நான் இன்றைக்கு உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆகவே என்னுடைய வீட்டுக் கதையை மட்டும் சொல்கிறேன்.

என்னுடைய வாப்பா நல்ல உயரம். பள்ளிவாசல் தாழ்வாரத்து ஓட்டைக் கையால் தொடுவார். ஊரில் “கமுகு” என்று பட்டம். மெலிந்த உடம்பு, நீண்ட விரல்கள், தடித்த மூக்குக் கண்ணாடி. 1994ஆம் ஆண்டு, எனக்கு 11 வயது. அஸர் தொழுதுவிட்டு வந்து திண்ணையில் இருந்தவர், திடீரென்று முதுகைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் கிழிக்கிற மாதிரி வலி என்று சொன்னது எனக்கு நல்ல ஞாபகம். “வாயு பிடிச்சிருக்கு” என்று எண்ணெய் தேய்த்தார்கள். இஞ்சித் தண்ணி கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியில் மௌத்தாகிவிட்டார். வயது 39.

“ஹார்ட் அட்டாக்” என்றார்கள். அடுத்த நாள் லுஹருக்கு முன் நல்லடக்கம். எங்கள் வீட்டில் யாரும் அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உம்மா மட்டும் சில நேரம், “சிகரட் குடிக்கல்ல, சீனி இல்ல, பிரசர் இல்ல, எப்படி மனே அட்டாக் வரும்?” என்று தனக்குள் கேட்பா. நாங்கள் பதில் சொல்ல மாட்டோம். உம்மா சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறா. அதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்கத்தான் எங்களுக்குத் தெரியவில்லை.

நானும் வாப்பாவைப் போலவே வளர்ந்தேன். தரம் 4இல் கண்ணாடி. தரம் 9இல் வகுப்பிலேயே உயரம். நெஞ்செலும்பு உள்ளே குழி விழுந்திருக்கும். அதை மறைக்க இரண்டு பெனியன் போட்டுக்கொண்டு பாடசாலைக்குப் போவேன். விரல்களைப் பார்த்து “மகிடிக்காரன் விரல்” என்று கூட்டாளிமார் பகிடி பண்ணுவார்கள். ஆனால் வொலிபோல் கோர்ட்டில் நான் ராசா. வலைக்குப் பக்கத்தில் நின்று கையைத் தூக்கினால் போதும். கல்வியியற் கல்லூரி டீமிலும் இருந்தேன். உயரம் அல்லாஹ் தந்த பரிசு என்றுதான் நினைத்தேன்.

2016இல், 33 வயதில், ஒரு கண்ணில் பார்வை மங்கி கண் கிளினிக்குக்குப் போனேன். பரிசோதித்த டொக்டர் பெண்மணி கண் வில்லை தன்னுடைய இடத்தில் இருந்து விலகியிருக்கிறது என்றா. பிறகு என்னுடைய கண்ணை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தா. “பெருவிரலை உள்ளே மடிச்சு கையைப் பொத்துங்க சேர்” என்றா. பொத்தினேன். பெருவிரல் நுனி மறுபக்கத்தால் வெளியே வந்து நின்றது. “மற்றக் கையால மணிக்கட்டைப் பிடிங்க” என்றா. பெருவிரலும் சின்ன விரலும் ஒன்றின் மேல் ஒன்று நன்றாக ஏறிக்கொண்டன. அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி:

“உங்கட வாப்பா இருக்கிறாரா? எப்படி மௌத்தானார்?”

22 வருடங்களாக யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. இருதயப் பிரிவுக்குக் கடிதம் தந்து அனுப்பினா. எகோ எடுத்தார்கள். இருதயத்தில் இருந்து புறப்படுகிற பெருநாடியின் அடிப்பகுதி, சாதாரணமாக வளர்ந்த ஆளுக்கு 40 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டியது, எனக்கு 54 மில்லிமீற்றர். அதில் இருக்கிற வால்வும் சரியாக மூடாமல் இரத்தம் பின்னால் ஒழுகிக்கொண்டிருந்தது. முதல் நாள் பின்னேரம்தான் பாடசாலை மைதானத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து பந்து அடித்துவிட்டு வந்திருந்தேன்.

நோயின் பெயர் மார்பன் சின்ட்ரோம். 1896இல் பாரிஸில் அந்துவான் மார்பன் என்ற குழந்தை வைத்தியர், கை கால் விரல்கள் வழமைக்கு மாறாக நீண்டிருந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி எழுதினார். அவருடைய பெயர்தான் நோய்க்கு நின்றுவிட்டது. நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள், ஆகவே கொஞ்சம் பாடம் எடுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நமது உடம்பில் எலும்பு, தசை, தோல், இரத்தக்குழாய் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்து வைத்திருப்பது தொடுப்பிழையம். வீடு கட்டும்போது கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் போடுகிற சாந்து மாதிரி. அந்தச் சாந்தில் பைபிரிலின் என்று ஒரு புரதம் இருக்கிறது. அதைச் செய்யச் சொல்லும் பரம்பரையலகு 15ஆவது நிறமூர்த்தத்தில் இருக்கிறது. அதில் பிழை இருந்தால் சாந்து பலமில்லாமல் போய்விடும். எலும்பு அளவுக்கு மிஞ்சி நீளும். கண் வில்லையைப் பிடித்திருக்கிற நூல் தளரும். முள்ளந்தண்டு வளையலாம். இதெல்லாம் வெளியே தெரிகிற விடயங்கள்.

உள்ளே தெரியாமல் நடப்பது பெருநாடியில். ஒவ்வொரு துடிப்புக்கும் இருதயம் முழுப் பலத்தோடு இரத்தத்தை அந்தக் குழாய்க்குள்தான் தள்ளுகிறது. ஒரு நாளைக்கு ஒரு இலட்சம் தடவை. பலமில்லாத சுவர் கொஞ்சம் கொஞ்சமாக விரியும், பழைய சைக்கிள் டியூப் ஒரு இடத்தில் ஊதி வருகிற மாதிரி. வலி இல்லை, களைப்பும் அநேகமாக இல்லை. ஒரு நாள் உட்சுவர் கிழிந்து, இரத்தம் சுவரின் படைகளுக்கு இடையில் புகுந்துவிடும். அப்போது வருவதுதான் நெஞ்சிலும் முதுகிலும் கிழிக்கிற மாதிரி வலி. அதற்குப் பிறகு நேரம் மணித்தியாலக் கணக்குத்தான்.

இது மாரடைப்பு அல்ல என்பதைக் கவனியுங்கள். மாரடைப்பு என்பது இருதயத்துக்கு இரத்தம் கொடுக்கிற சின்னக் குழாய் அடைபடுவது. அதற்குக் கொடுக்கிற, இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து, பெருநாடி கிழிந்த ஆளுக்கு ஆபத்தாகவே முடியலாம். ஆகவே அவசரத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது, “இவர்ர வாப்பா இளம் வயசில திடீரெண்டு மௌத்தானவர்” என்ற ஒரு தகவல் ஒரு உயிரைக் காப்பாற்றலாம். அதைச் சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சத்திரசிகிச்சை வேண்டும் என்று சொன்னதும் வீட்டில் ஒரு சபை கூடியது. உங்களுக்கே தெரியும் நம்மட சபைகள். “நெஞ்சைப் பிளந்தா மனிசன் பழையபடி வரமாட்டான்” என்று ஒருவர். “ஹிஜாமா ரெண்டு தரம் எடுத்துப் பாருங்க” என்று ஒருவர். “ஓதிப் பார்க்கிற ஒரு ஹஸரத் இருக்கார்” என்று இன்னொருவர். எல்லோரும் பாசத்தில்தான் சொன்னார்கள், எனக்கு யாரோடும் கோபம் இல்லை. ஆனால் அந்தப் பாசத்தைக் கேட்டிருந்தால் என்னுடைய பிள்ளையும் 11 வயதில் எத்தீமாகியிருக்கும். முடிவு எடுத்தது என்னுடைய மனைவி. “மருந்து செய்யச் சொன்னது நம்மட நபிதான். நீங்க போங்க, நான் ஓதிக்கொண்டு இருக்கிறன்” என்றா. அதோடு சபை கலைந்தது.

2017இல் கொழும்பில் அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை. விரிந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, செயற்கைத் துணியால் செய்த குழாயையும் அதனுடன் இணைந்த உலோக வால்வையும் பொருத்தி, இருதயத்துக்கு இரத்தம் கொண்டு போகும் சின்னக் குழாய்களை அதில் திரும்பத் தைப்பார்கள். பென்டல் ஒபரேஷன் என்று பெயர். 1968இல் லண்டனில் பென்டல் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் டி போனோ என்பவரும் சேர்ந்து இதைப் பற்றி எழுதியவர்கள். 1972இல் அமெரிக்காவில் செய்த ஆய்வு ஒன்றில் மார்பன் நோயாளிகளின் சராசரி மரண வயது 32 என்று வந்தது. இன்று நேரத்துக்குக் கண்டுபிடித்து, மருந்து எடுத்து, தேவையான நேரத்தில் ஒபரேஷன் செய்தால் கிட்டத்தட்ட மற்றவர்களைப் போல வாழலாம். வாப்பாவுக்கும் எனக்கும் இடையில் இருந்தது விதி மட்டும் அல்ல. ஒரு எகோவும்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஒபரேஷனுக்கு நான் வைத்தியசாலைக்கு ஒரு சதமும் கட்டவில்லை. இலவச வைத்தியத்தைத் திட்டுவது நமக்குப் பொழுதுபோக்கு. காத்திருக்கத்தான் வேண்டும், மூன்று தரம் திகதி மாறியது, இராப் பஸ்ஸில் போய் வந்து அலைந்தோம், அதெல்லாம் உண்மை. ஆனால் கூலி வேலை செய்பவரும் நானும் ஒரே வார்டில், ஒரே சத்திரசிகிச்சை நிபுணரின் கையில். எனக்கு ஏற்றிய இரத்தப் பைகளில் பெயர் இல்லை, மதம் இல்லை, ஊர் இல்லை. யார் தந்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து பள்ளிவாசலில் இரத்ததான முகாம் நடந்தால் நான் போய் கதிரை அடுக்குவேன். என்னால் இரத்தம் கொடுக்க முடியாது, கதிரையாவது அடுக்கலாம்.

இப்போது எட்டு வருடம். எப்படி வாழ்கிறேன் என்று சிலர் கேட்பதற்காகச் சொல்கிறேன்.

என்னுடைய நெஞ்சில் இருந்து சத்தம் வரும். டிக், டிக் என்று, உலோக வால்வு மூடுகிற சத்தம். தவணைப் பரீட்சை நேரம் மண்டபம் அமைதியாக இருக்கும்போது முன் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை, “சேர், உங்கட மணிக்கூடு சத்தம் கேக்குது” என்றான். அன்று நான் மணிக்கூடு கட்டியிருக்கவில்லை. ஸுஜூதில் இன்னும் தெளிவாகக் கேட்கும். முதலில் அந்தச் சத்தம் பயமாக இருந்தது, இப்போது அது கேட்காவிட்டால்தான் பயம்.

வால்வில் இரத்தம் உறையாமல் இருக்க ஒவ்வொரு நாளும் வோர்பரின் குளிசை. சாகும்வரை. குளிசை கூடினால் இரத்தப்போக்கு, குறைந்தால் வால்வில் கட்டி. ஆகவே ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனைக்கு ஒழுங்காகக் கிளினிக் போக வேண்டும். முருங்கை இலை, பொன்னாங்காணி, கங்குங் எல்லாம் அந்தக் குளிசையோடு சண்டை பிடிக்கும். சாப்பிடக் கூடாது என்று இல்லை, ஒரு கிழமை அள்ளிச் சாப்பிட்டு அடுத்த கிழமை விட்டுவிடுவதுதான் பிழை. எப்போதும் ஒரே அளவு. முழங்கால் வலி என்றால் பாமஸியில் கேட்டு வாங்கிப் போடுகிற வலிக் குளிசை எனக்குத் தடை. பல் பிடுங்க முதல் டொக்டரிடம் சொல்லி அன்டிபயோட்டிக் எடுக்க வேண்டும், ஏனென்றால் வாயில் இருந்து போகிற கிருமி வால்வில் கூடு கட்டும். ஹெல்மட் இல்லாமல் சந்திக் கடைக்குக்கூடப் போகமாட்டேன். தலையில் சின்ன அடி பட்டாலும் எனக்கு அது சின்ன அடி அல்ல.

ஹிஜாமா பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன், யாரும் கோபிக்க வேண்டாம். ஹிஜாமா செய்வதா இல்லையா என்பதல்ல என்னுடைய பேச்சு. வோர்பரின் எடுக்கிற ஒரு ஆளின் முதுகைக் கீறுவது ஆபத்து. செய்கிறவர்கள் கீறுவதற்கு முதல் “என்ன குளிசை போடுறீங்க?” என்று கேளுங்கள். அதே மாதிரி, குளிசையை நிறுத்திவிட்டு கருஞ்சீரகம் மட்டும் சாப்பிடச் சொல்லாதீர்கள். நீங்கள் சொல்லிவிட்டுப் போய்விடுவீர்கள். பக்கவாதம் வந்தால் படுப்பது அந்த ஆள்.

நோன்பு பிடிக்கிறேன், அல்ஹம்துலில்லாஹ். டொக்டரிடம் கேட்டு, குளிசைகளை இரவுக்கு மாற்றிக்கொண்டேன். ஒபரேஷன் செய்த வருடம் பிடிக்கவில்லை, கதிரையில் இருந்துதான் தொழுதேன். நெஞ்செலும்பைக் கம்பியால் கட்டியிருக்கும்போது ஸுஜூது செய்ய முடியாது. அப்போது பள்ளியில் ஒருவர், “சின்ன வயசில கதிரையா?” என்றார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றித் தழும்பைக் காட்டினேன். பாவம், மனிதர் அழுதுவிட்டார். வெளியே நல்லாகத் தெரிகிற எல்லோரும் உள்ளேயும் நல்லாக இருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். கதிரையில் இருப்பவருக்கு அவருடைய காரணம் இருக்கும்.

இனிமேல்தான் முக்கியமான பகுதி.

இந்த நோய் பெற்றாரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கு 50 வீத வாய்ப்பு. ஆண், பெண் வித்தியாசம் இல்லை. தலைமுறை தாண்டி வருவதும் இல்லை, பிள்ளைக்கு வந்திராவிட்டால் பேரப் பிள்ளைக்கு அந்த வழியால் வராது. “சொந்தத்துக்குள்ள கட்டினதால வந்தது” என்று என்னுடைய உம்மாவைக் குத்திப் பேசியவர்கள் இருக்கிறார்கள். அது இந்த நோய்க்குப் பொருந்தாது. பெற்றாரில் ஒருவரிடம் இருந்து வந்தாலே போதும், அவர்கள் சொந்தமா பிறத்தியா என்பது கணக்கில் இல்லை. ஏறத்தாழ நாலில் ஒரு நோயாளிக்குக் குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாகவே வரும். உம்மாவும் குற்றவாளி இல்லை, வாப்பாவும் குற்றவாளி இல்லை.

ஒபரேஷன் முடிந்து வந்ததும் டொக்டர் சொன்னபடி குடும்பத்தில் ஏழு பேரிடம் போய்ச் சொன்னேன்: “ஒரு தரம் எகோ எடுங்க. ஊசி இல்ல, வெட்டு இல்ல, நெஞ்சில ஜெல் பூசி ஸ்கேன் மாதிரிப் பார்ப்பாங்க. அரை மணித்தியாலம்.” ஆறு பேர் போனார்கள். ஐந்து பேருக்கு ஒன்றும் இல்லை. ஒருவருக்கு 46 மில்லிமீற்றர். அவர் இப்போது குளிசை போட்டுக்கொண்டு, பாரம் தூக்காமல், வருடா வருடம் எகோ எடுத்துக்கொண்டு, தன்னுடைய வியாபாரத்தைப் பார்க்கிறார்.

ஒரு வீட்டில் மட்டும் எனக்குத் தேத்தண்ணி தந்துவிட்டுச் சொன்னார்கள்: “தம்பி, வீட்டில ரெண்டு குமர் இருக்கு. இந்தக் கதை வெளியில போனா யாரு வருவான்? பேசாம இருங்க.”

எனக்கு அன்று வாய் அடைத்துவிட்டது. ஏனென்றால் அவர்கள் சொன்னது பொய் இல்லை. நம்மட ஊரில் ஒரு பேச்சுக் கால் வந்தால், பெண் வீட்டாரின் மூன்று தலைமுறையையும் புரோக்கர் விசாரிப்பார். “அந்தக் குடும்பத்தில ஒரு வருத்தம் இருக்காம்” என்று ஒரு சொல் போதும், கல்யாணம் நின்றுவிடும். அந்த உம்மாவும் வாப்பாவும் பிள்ளைகளைக் கொல்ல நினைக்கவில்லை, பிள்ளைகளுடைய வாழ்க்கையைக் காப்பாற்றத்தான் நினைத்தார்கள். அவர்களை அந்த இடத்துக்குத் தள்ளியது யார்? நாம்தான். விசாரிக்கிற நாம், விசாரித்துவிட்டுப் பரப்புகிற நாம்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். இந்த நோய் இருக்கிற பெண்ணுக்குக் கர்ப்ப காலம்தான் அதிக ஆபத்து. இரத்தத்தின் அளவு கூடும், இருதயத்துக்கு வேலை கூடும், ஏற்கனவே பலமில்லாத பெருநாடி அப்போது கிழியலாம். கல்யாணத்துக்கு முன் ஒரு எகோ எடுத்து, தேவையென்றால் சிகிச்சையும் செய்துவிட்டால், டொக்டர்மாரின் கண்காணிப்பில் பிள்ளை பெறலாம். மறைத்துக் கட்டிக் கொடுத்தால்? நாம் காப்பாற்றியது பிள்ளையுடைய கல்யாணத்தையா, உயிரையா?

“அப்போ நீங்க உங்கட பிள்ளைகளைப் பற்றிச் சொல்லுங்களேன்” என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். எனக்கு இரண்டு பிள்ளைகள். ஒருவருக்கு இருக்கிறது. யாருக்கு என்று இங்கே எழுத மாட்டேன். வெட்கத்தால் அல்ல. அது அந்தப் பிள்ளையின் கதை, வளர்ந்த பிறகு அந்தப் பிள்ளைதான் சொல்ல வேண்டும். மறைப்பதற்கும் அமானிதத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர்களுக்கு எல்லாம் தெரியும்: பார்க்கிற டொக்டருக்கு, வகுப்பாசிரியருக்கு, உடற்கல்வி ஆசிரியருக்கு. நாளைக்கு ஒரு சம்பந்தம் வந்தால் முதல் சந்திப்பிலேயே அந்த வீட்டாருக்கு நானே சொல்லுவேன். கேட்டுவிட்டு எழும்பிப் போனால் போகட்டும். ஊருக்கு எல்லாம் சொல்லத் தேவையில்லை, சம்பந்தப்பட்டவருக்குச் சொல்லாமல் விடவும் கூடாது. இதுதான் என்னுடைய நிலைப்பாடு. எனக்குத் தெரிந்த மார்க்கமும் இதைத்தான் சொல்கிறது: குறையை மறைத்து விற்பது வியாபாரத்திலேயே கூடாது என்றால், ஒரு வாழ்க்கையில் எப்படிக் கூடும்?

ஆசிரியர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. 1984 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்ற அமெரிக்க மகளிர் வொலிபோல் அணியின் நட்சத்திரம் புளோ ஹைமன். ஆறடி ஐந்து அங்குலம். 1986 ஜனவரியில் ஜப்பானில் ஒரு போட்டியின் நடுவில், வாங்கில் இருந்தபடியே சரிந்து இறந்துபோனார். வயது 31. முதலில் “ஹார்ட் அட்டாக்” என்றுதான் நினைத்தார்கள். குடும்பத்தார் விடாமல் பிரேதப் பரிசோதனை கேட்டார்கள். பெருநாடி கிழிந்திருந்தது, காரணம் மார்பன். அதனால் அவருடைய தம்பியையும் பரிசோதித்தார்கள். அவருக்கும் இருந்தது, ஒபரேஷன் செய்து காப்பாற்றினார்கள். அக்காவின் மரணத்துக்குக் காரணம் கேட்டபடியால் தம்பி பிழைத்தார்.

வொலிபோல் நமது நாட்டின் தேசிய விளையாட்டு. உயரமான பிள்ளையைக் கண்டால் நாங்கள் டீமுக்குத்தான் இழுக்கிறோம். இழுங்கள், தப்பில்லை. உயரமான எல்லோருக்கும் நோய் இல்லை, ஐயாயிரம் பேரில் ஒருவருக்குத்தான் இது. ஆனால் உயரத்தோடு நீண்ட விரல், குழிந்த அல்லது முன்தள்ளிய நெஞ்சு, வளைந்த முதுகு, சின்ன வயதிலேயே தடித்த கண்ணாடி என்று இரண்டு மூன்று சேர்ந்திருந்தால், குடும்பத்தில் இளம் வயதில் திடீர் மரணம் இருந்தால், பெற்றாரைத் தனியாகக் கூப்பிட்டு “ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுங்க” என்று சொல்லுங்கள். வகுப்புக்கு முன்னால் சொல்லாதீர்கள். நோய்க்குப் பெயர் வைக்காதீர்கள், அது டொக்டருடைய வேலை. “மகிடிக்காரன் விரல்” என்று பகிடி பண்ணுகிற பிள்ளைகளையும் கொஞ்சம் நிறுத்துங்கள். என்னுடைய விரலைப் பார்த்து நூறு பேர் சிரித்தார்கள். ஒருவர்தான் வாசித்தார்.

பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கும் உலமாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜனாஸாவைச் சீக்கிரம் அடக்குவது நம்மட மார்க்கம், அதைப் பிந்தச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் அடக்கி முடித்த பிறகு நமக்கு என்ன அவசரம்? தஃஸியாவுக்குப் போகும்போது, குடும்பத்துக்கு நெருக்கமான ஒரு ஆள், மூன்று நாள் கழித்து, மெதுவாக, “வாப்பாவும் இப்படிப் போனவர்தானே, பிள்ளைகளையும் சகோதரங்களையும் ஒருக்கா எகோ எடுத்துப் பாருங்க” என்று சொல்லலாம். கிளினிக்குக்கு வாகனம் பிடித்துக் கொடுக்கலாம். அதுவும் ஒரு ஸதகாதான். கத்ரை நம்புகிறோம். காரணம் தேடுவது கத்ரை மறுப்பது ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது.

அந்தத் தேத்தண்ணி தந்த வீட்டாருக்கும் இந்தப் பதிவு எப்படியும் போய்ச் சேரும். நான் யாரிடமும் உங்கள் பெயரைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். எந்த நாள் வேண்டுமானாலும் சொல்லுங்கள், நானே கூட்டிக்கொண்டு போகிறேன். வேறு ஊரில் எடுக்கலாம், யாருக்கும் தெரியாது. அநேகமாக ஒன்றும் இருக்காது, இன்ஷா அல்லாஹ். இருந்தாலும், என்னைப் பாருங்கள். வகுப்பு எடுக்கிறேன், சந்தைக்குப் போகிறேன், பிள்ளைகளோடு கடற்கரையில் நடக்கிறேன். இந்த வருடம் எனக்கு 42 முடிந்தது. வாப்பா கண்டிராத மூன்று வயதுகளைக் கண்டுவிட்டேன்.

அந்த 34 வயதுச் சகோதரருக்காக எல்லோரும் ஒருமுறை துஆ செய்யுங்கள். செய்துவிட்டு, உங்கள் வீட்டில் மூத்தவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “நம்மட குடும்பத்தில இளம் வயசில திடீரெண்டு மௌத்தானவங்க யாரு? எப்படி மௌத்தானாங்க?”

பதிலை எழுதி வையுங்கள். அடுத்த முறை டொக்டரிடம் போகும்போது அதைக் கொண்டு போங்கள்.

ஏதும் பிழையாக எழுதியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். கேள்விகள் இருந்தால் கீழே கேட்க வேண்டாம், இன்பொக்ஸில் வாருங்கள். உங்கள் வீட்டுக் கதை என்னிடம் அமானிதம்.

வஸ்ஸலாம்.